டூப்பு அண்ணாச்சியின் வாட்ச் புத்தகம்

குற்றாலத்தில் தண்ணீர் விழாத வருஷம்கூட உண்டு. டூப்பு அண்ணாச்சி வாய் ஓய்ந்த நாள் கிடையாது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, அவரிடம் வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்த மனிதர் ஒருவரும் இல்லை. என்னைத் தவிர. அந்தக் கதையை மெதுவாகச் சொல்கிறேன். வேகமாகச் சொல்ல இப்போதெல்லாம் தெம்பில்லை.

அருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜ். அதன் ரிசப்ஷனில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். சீசனில் போன் அடித்தபடியே இருக்கும். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "தண்ணி விழுதா?" விழுகிறது என்றால், "நல்லா விழுதா?" நன்றாக விழுகிறது என்றால், "கூட்டமா?" கூட்டம்தான் என்றால், அத்தனை பேரையும் நானே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி கோபப்பட்டு வைத்துவிடுவார்கள். இந்த வேலையில் மனிதனுக்கு முதலில் போவது காது. அப்புறம் பொறுமை.

அண்ணாச்சி எங்கள் லாட்ஜ் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டி, பெஞ்சு போட்டு, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். வருகிறவர்கள் சட்டை, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் அவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படுப்பார்கள். அவரிடம் கொடுத்த பொருள் தொலைந்ததே இல்லை. மரியாதைதான் தொலையும்.

அதற்குக் காரணம் நான்தான். ஏழு வருஷத்துக்கு முன் செய்த தப்பு. அறைகளில் விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைப் போட்டுவைக்க எங்களிடம் ஓர் அலமாரி உண்டு. ஒற்றைச் செருப்பு, சார்ஜர், ஒரு பல்செட் என்று அதில் இல்லாதது கிடையாது. கேட்பாரில்லாத துண்டுகள் சீசன் முடிந்ததும் அண்ணாச்சிக்கு. துண்டு பொறுக்க வந்தவர் கண்ணில் அந்தப் புத்தகம் பட்டுவிட்டது.

"ஏலே மேனேஜரு, இது என்னலே, கல்யாண ஆல்பம் கணக்கா இருக்கு?"

"வாட்ச் புத்தகம் அண்ணாச்சி. பணக்காரங்க பழைய வாட்ச், வெளிநாட்டு வாட்ச்லாம் தேடித்தேடி சேக்குதாங்கள்லா, அதப் பத்தி."

"பழைய வாட்சையா? புதுசு வாங்க வக்கில்லாமலா?"

"ஒரு வாட்ச் வெலைக்கு நம்ம லாட்ஜையே வாங்கலாமாம்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். பிறகு "பொரட்டு" என்றார்.

அவர் புரட்டமாட்டார். முப்பது வருஷ எண்ணெய் ஊறிய கை, எந்த சோப்புக்கும் அடங்காது. வழவழப்பான தாளில் விரல் பட்டால் புத்தகம் போச்சு. அதனால் புரட்டுகிற வேலை எனக்கு. புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் படித்துத் தமிழில் சொல்கிற வேலையும் எனக்கு. புத்தகத்தை மறந்துவிட்டுப் போனவர் கோயம்புத்தூர்க்காரர். பதிவேட்டில் இருந்த விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஏழு வருஷம், ஒவ்வொரு மத்தியானமும், சாப்பிட்டுக் கண் அசருகிற நேரமாகப் பார்த்து அண்ணாச்சி வந்து எதிரே உட்கார்ந்து "பொரட்டு" என்பார்.

கடலுக்கடியில் இறங்குகிறவர்களுக்கான வாட்ச் ஒன்று அதில் உண்டு.

"நம்ம அருவியில தாங்குமா?" என்றார்.

"கடலுக்குள்ளயே தாங்குமாம்."

"கடல் சும்மா கெடக்கு. இங்கன மேல இருந்துல்லா விழுது?"

அருவியைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பின்னட்டை வரை புரட்டினேன். இல்லை.

கடைசி அத்தியாயம்தான் ஊரைக் கெடுத்தது. போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று படத்தோடு போட்டிருந்தார்கள். பேட்டரியில் ஓடுகிற போலியில் விநாடி முள் டக் டக் என்று குதிக்குமாம். அசலில் வழுக்கிக்கொண்டு போகுமாம்.

"எண்ணெய் மாதிரியா?" என்றார் அண்ணாச்சி.

"எண்ணெய் மாதிரிதான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து வாட்சை யார் கழற்றிக் கொடுத்தாலும் துண்டில் வாங்குவார், முள்ளைப் பார்ப்பார், "டூப்பு" என்பார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவர் தங்க நிற வாட்சோடு வந்து குப்புறப் படுத்தார். "மொதலாளி, காய்க்கு மஞ்ச பெயிண்ட் அடிச்சு ஒங்க தலையில கட்டிட்டானே" என்று அண்ணாச்சி ஒரு சத்தம் போட்டார். அவர் முதுகில் தேய்த்த எண்ணெயோடு எழுந்து கார் ஏறிவிட்டார். சீட்டு என்ன ஆனதோ!

ஒரு புது மாப்பிள்ளை. மாமனார் போட்ட வாட்ச். மாமனார் பக்கத்து பெஞ்சிலேயே படுத்திருக்கிறார். அண்ணாச்சி முள்ளைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், "டூப்பு" என்றார். எதைச் சொன்னார் என்று அந்தக் குடும்பம் அருவிக்கரை வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனது.

இன்னொருவர் வாட்சைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. "ஐயோ, ஒரிஜினல், ஒரிஜினல்!" என்று துண்டோடு குதிக்கிறார். அண்ணாச்சி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பதறாதீங்க சார். கடிச்சுப் பாத்துட்டுப் போட்ரும்." குரங்கு கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டது. கூட்டம் கைதட்டியது. வாட்ச்காரர் புகார் சொல்ல என்னிடம் வந்தார். எல்லாரும் கடைசியில் என்னிடம்தான் வருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் லாட்ஜ் கை மாறியது. புது முதலாளி தன் தங்கை மகனை மேனேஜராகப் போட்டார். அதுவரை மேனேஜராக இருந்த நான் அதே நாற்காலியில் வெறும் ரிசப்ஷன். புது மேனேஜருக்கு ரூம் சாவி எங்கே தொங்குகிறது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். அந்த வாரம் துபாயிலிருந்து வந்த என் மச்சான் ஒரு வாட்ச் கொடுத்தான். புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்தில் இருப்பதேதான். அதைக் கட்டிக்கொண்டு, கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி விடுவாரா?

துண்டில் வாங்கினார். அரை மணி நேரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முள் டக் டக் என்று குதித்தது.

"அசல்" என்றார்.

"முள்ளு குதிக்கே அண்ணாச்சி?"

"இது வேற மாடல்லே. குதிக்கத்தான் செய்யும். கட்டிக்கோ, மேனேஜரு."

நான் மேனேஜர் இல்லை என்று அவருக்குத் தெரியும். வாட்ச் விஷயத்தில் நான் அவரை நம்பினேன். குற்றாலத்திலேயே அசல் வாட்ச் கட்டியவன் நான் ஒருத்தன் என்று இரண்டு வருஷம் இடது கையால்தான் எல்லாருக்கும் சாவி எடுத்துக் கொடுத்தேன்.

இந்த சீசனில் ஒரு நாள் போன். "விழுது, நல்லா விழுது, கூட்டம்தான்" என்றேன் எடுத்த எடுப்பில். மறுமுனையில் ஒரு வயதான கோயம்புத்தூர்க் குரல், "அது சரிங்க, என்ற புத்தகம் ஒண்ணு அங்க இருக்குதுங்களா?" என்றது. புதன்கிழமை வருகிறாராம்.

"இல்லன்னு சொல்லிருவோம் அண்ணாச்சி" என்றேன். புத்தகம் போனால் எனக்கு மத்தியானத் தூக்கம் கிடைக்கும். ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது.

"ஏலே, எங்கிட்ட குடுத்த பொருள் எதாவது திரும்பிப் போவாம இருந்திருக்கா?" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் எவர் வாட்சையும் அவர் பார்க்கவில்லை. படுக்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை பெரியவர் டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண் இரண்டும் மங்கிவிட்டது. அண்ணாச்சி சலவைத் துண்டில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை நீட்டினார். பெரியவர் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். "பாக்க முடியாதுங்க. கையிலயாச்சும் இருக்கட்டும்" என்றார். பிறகு இடது கையை நீட்டினார்.

"பதினஞ்சாம் பக்கம் பாருங்க. வெள்ளை டயல், நீல முள்ளு. ஆயுசு பூரா ஆசைப்பட்டேன், வாங்க முடியலைங்க. போன மாசம் பையன் வெளிநாட்டுல இருந்து அனுப்பிச்சிருக்கறான். கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க, வெவரமா ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க. விநாடி முள்ளு எப்படீங்க ஓடுது?"

கேட்கத் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. நான் பதினைந்தாம் பக்கத்தைப் புரட்டினேன். வாட்சைப் பார்த்தேன். டக், டக், டக். அண்ணாச்சியின் வாயைப் பார்த்தேன். ஏழு வருஷமாக ஒருத்தருக்கும் தயவு காட்டாத வாய். இவர் ஒருவரையாவது விடுங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அண்ணாச்சி போய் சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்தார். பெரியவரின் மணிக்கட்டைத் துண்டில் தாங்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எண்ணெய் மாதிரி ஓடுதுய்யா" என்றார். "அசல்."

பெரியவர் அந்த வாட்சை வலது கையால் மூடிக்கொண்டார். "பையன் பாசக்காரனுங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

கார் போன பிறகு அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். எனக்குத் தெரிந்து அவர் அசல் என்று சொன்னது இரண்டே வாட்ச். ஒன்று இப்போதுதான் காரில் போகிறது. இன்னொன்று என் கையில் இருக்கிறது. டக், டக் என்று குதிக்கிறது.

மறுநாள் மத்தியானம், இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று கண்ணை மூடினேன். எதிர் நாற்காலி கிறீச்சிட்டது.

"பொரட்டு."

"எத அண்ணாச்சி பொரட்ட? அதான் போயிட்டே!"

"ஏழு வருசம் படிச்சது மண்டையில இல்லாமலா போவும்? மொதப் பக்கத்தச் சொல்லு."

சொன்னேன். படம்கூட நினைவு வந்தது. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினேன். "அண்ணாச்சி, நெசத்தச் சொல்லுங்க. என் வாட்ச்..."

"ஒம் மாடல் வேறலே, குதிக்கத்தான் செய்யும்" என்றார், கண்ணைத் திறக்காமல். "நாலாம் பக்கம் வா, மேனேஜரு."

போன வாரம் வாட்ச் நின்றுபோனது. தென்காசிக்குப் பஸ் ஏறிப் போய், அண்ணாச்சிக்குத் தெரியாமல் பேட்டரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன்.