மருமகள் அடுக்கிய வீடும் நான் ஒட்டிய லேபலும்

பெரகலைக்கு மேலே, மேல்பிரிவுத் தோட்டம்,
ஐந்தாம் நம்பர் லயம்.
செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரை எழுதியது.

மொனராகலையில் சுகமாக இருக்கும் என் அன்பு மச்சான் அழகையாவுக்கு, உன் அக்கா புருசன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, மருமகள் லக்ஷிகா, மூன்று கோழிகள் எல்லோரும் சுகம். மகன் கிஷாந்தன் கொழும்பில் சுகம். உன் முழங்கால் வலி எந்த அளவில் இருக்கிறது என்று அறிய மிகவும் ஆசை.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகளில் சில மேட்டுக்கு ஏறும், சில பள்ளத்தில் இறங்கும், சில களைத்துப்போய்ப் பாதி வழியில் குந்திக்கொண்டிருக்கும். நாற்பது வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலையை வெட்டிய கை, பேனாவையும் அப்படியே பிடிக்கிறது. ஆனால் மச்சான், இது நானே எழுதுகிற கடிதம்! அறுபத்தெட்டு வயதில், வாசிகசாலையில் கேசினி டீச்சர் நடத்துகிற பின்னேர வகுப்பில் உட்கார்ந்து, ஆறு மாதத்தில் படித்தது. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் சந்திக் கடை றவூப் நானா எழுதியவை. நான் அரை மணித்தியாலம் சொல்வேன், அவர் நாலு வரியில் நலம், நலமறிய ஆவல், இங்கே மழை என்று முடித்துவிடுவார். இருபது வருசமாக இங்கே மழையைத் தவிர எதுவும் நடக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். நடந்தது. நிறைய நடந்தது.

கோடு போட்ட தாள் கிடைக்கவில்லை. ஆனாலும் தாளைக் குறை சொல்ல முடியாது, நல்ல தடிப்பு. ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே வட்டமாகப் பூ மாதிரி ஒரு நிழல்கூடத் தெரிகிறது. லக்ஷிகாவின் ஸ்டைல் தாளாக இருக்க வேண்டும். இதை எங்கே கண்டெடுத்தேன் என்பது ஒரு கூத்து, பின்னால் சொல்கிறேன்.

விசயம் இதுதான். புது வீட்டு லிஸ்டில் நம் பெயர் வந்திருக்கிறது. ஏழு பேர்ச் காணி, தனி வீடு, தனிக் கக்கூஸ். உன் அக்கா இப்போதே அங்கே முருங்கை எங்கே நடுவது என்று என்னோடு சண்டை பிடிக்கிறாள். ஆனால் லய வரிசையில் இந்த ஒற்றைக் காம்பராவை எனக்கு ஒதுக்கி அந்தக் காலத்துத் தோட்டத் துரை கையெழுத்துப் போட்டுத் தந்த கடிதத்தை, கொப்பி அல்ல, ஒரிஜினலை, வருகிற திங்கட்கிழமைக்குள் வீட்டுத்திட்டக் கந்தோர் ஐயா கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பெயரை வெட்டிவிட்டு அடுத்த ஆள். அந்தக் கடிதம் இப்போது வீட்டில் இருக்கிறது, ஆனால் இல்லை. ஏனென்றால் வீடு ஒழுங்காகிவிட்டது.

நம் லக்ஷிகா நல்ல பிள்ளைதான். ஆனால் போனில் ஒரு பெண் வருகிறாள். வீட்டை எப்படி அழகாக அடுக்குவது என்று அவள் பாடம் நடத்துகிறாள். அவள் வீட்டில் செருப்புக்கு ஒரு அறை இருக்கிறது. அந்த அறைக்கு இரண்டு ஜன்னல். நாங்கள் மூன்று பேரும் குடியிருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி, செருப்பு மொத்தம் நாலு சோடி, அதில் ஒன்று அறுந்தது. அதற்கு லக்ஷிகா மூங்கிலில் தட்டு செய்து வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நிறுத்தினாள். இப்போது இஸ்தோப்பில் செருப்பு உட்கார்ந்திருக்கிறது, நான் நிற்கிறேன். உன் அக்காவின் கொழுந்துக் கூடையைச் சுவரில் படுக்க வைத்து ஆணியடித்து அதற்குள் துவாய்களைச் சுருட்டி வைத்தாள். மறுநாள் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போக உன் அக்கா கூடையைத் தேடினால் அது சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. உரச் சாக்கைக் கழுவித் தைத்து எட்டுப் பை வைத்த தொங்கல் ஒன்று செய்தாள். என் கவ்வாத்துக் கத்தியை வளைவு மேலே வரும்படி சுவரில் அடித்து அதில் தேத்தண்ணிக் கோப்பைகளை மாட்டினாள். கத்தி ஓய்வு பெற்றுவிட்டது, எனக்குத்தான் இன்னும் விறகு வெட்ட வேண்டியிருக்கிறது.

"எல்லாம் ஒரே கலர்ல இருந்தாத்தான் மாமா கண்ணுக்கு அமைதி" என்றாள். பிஸ்கட் டின், மா டின், பலசரக்கு வந்த அட்டைப்பெட்டி என்று இருபத்துமூன்றுக்கும் வெள்ளை பூசினாள்.

"கண்ணு அமைதியாத்தான் இருக்கு. உப்பு எங்கன்னு தெரியாம வயிறு கத்துது" என்றாள் உன் அக்கா.

எனக்கு நேர்ந்ததுதான் பெரிய அநியாயம். சுவர் முழுக்கப் பழைய பேப்பர் ஒட்டியிருந்தோமே, நாற்பது வருசத்துச் செய்தி, வாசிக்கப் பழகியதும் ஒவ்வொரு சுவராகப் படிக்கலாம் என்று ஆசையோடு இருந்தேன். உரித்துவிட்டு வெள்ளை அடித்தாள். புத்தகங்களை முதுகு சுவரைப் பார்க்கும்படி திருப்பி அடுக்கினாள். காகிதம் எதுவானாலும் எழுத்துப் பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. அதுதான் ஸ்டைலாம். ஒருவன் அறுபத்தெட்டு வயதில் வாசிக்கக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், வீட்டில் வாசிக்க ஒரு எழுத்து இல்லை! பெட்டிகளில் மட்டும் சின்ன லேபல் இருந்தது, அதுவும் இங்கிலீஷில், மண்புழு ஊர்ந்தது மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் மச்சான். ஒரே அளவு, ஒரே நிறம், வரிசையாக அடுக்கி நம்பர் போட்டு வைப்பது ஏதோ புது ஸ்டைல் என்று அந்தப் போன்காரி சொல்கிறாள். துரைமார் அதை நூற்றைம்பது வருசத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் அந்தப் பெட்டிகளுக்குள்ளேதான் பிறந்தோம்.

ஆகவே ஒரு நாள் லக்ஷிகா பண்டாரவளைக்குப் போயிருந்த சமயம், மண்புழு லேபல்களை எல்லாம் உரித்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து, தமிழில் பெரிய எழுத்தில் நானே லேபல் எழுதி ஒட்டினேன். சீனி. உப்பு. கருப்பட்டி. ஒட்டி முடித்ததும் இஸ்தோப்பில் போய் நின்று, திரும்ப உள்ளே வந்து, எல்லாவற்றையும் உரக்க வாசித்தேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு என் கல்யாணத்தன்றும் வரவில்லை. இதை உன் அக்காவிடம் சொல்லாதே. ஒரே ஒரு குறை. 'ள' படிப்பித்த அன்று நான் கண் காட்டப் பதுளைக்குப் போயிருந்தேன். அதனால் அந்த நாளில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு 'ல'தான். எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன். அதனால் வந்தது வினை.

இப்போது நாலாம் தாள். இதை முழுக்கக் கந்தோர் ஐயா பரமலிங்கத்துக்கே ஒதுக்கிவிட்டேன். யாழ்ப்பாணத்து ஆள், பதுளையில் வேலை, கையில் ஃபைல், கக்கத்தில் குடை, முகம் மோர் புளித்த மாதிரி. போன புதன்கிழமை வீட்டைப் பரிசோதிக்க வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்து, சுவரில் இருந்த கூடையைப் பார்த்து "உதென்ன, கூடை படுத்துக் கிடக்கு?" என்று கேட்டார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினார். அங்கே நீ அனுப்பின புளி இரண்டு டின்னில் இருந்தது. ஒன்றில் 'பழைய புலி', மற்றதில் 'புதுப் புலி' என்று உள்ளங்கை அளவு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்.

ஐயா அசையவில்லை. குடை மட்டும் கீழே விழுந்தது. அந்தச் சொல்லை வாயால் சொல்லவும் இல்லை, விரலால் காட்டினார்.

"உது... ஆரின்ரை?"

"நம்மளதுதாங்கய்யா."

"எங்கையிருந்து வந்தது?"

"மொனராகலையில இருந்து மச்சான் அனுப்புனதுங்க. பேரு அழகையா."

"பழசெண்டு போட்டிருக்கு..."

"ஆமாங்க, ரெண்டு வருசமாச்சு. உப்புப் போட்டு அமுக்கி வச்சிருக்கோம்."

"அப்ப புதுசும்..."

"அது இந்த மாசியில வந்ததுங்க. இன்னும் பதம் வரல. வேலைக்குப் பழசுதாங்கய்யா நல்லது."

"எனக்குப் பென்சனுக்கு இன்னும் எட்டு மாசந்தான் கிடக்கு" என்றார் ஐயா, என்னிடம் அல்ல, மேலே கூரையைப் பார்த்து. "உதை முதல்ல கழட்டுங்கோ!"

உன் அக்காதான் காப்பாற்றினாள். டின்னைத் திறந்து ஒரு உருண்டையை எடுத்து அவர் மூக்குக்குக் கீழே பிடித்து, "மோந்து பாருங்க சாமி, ரசத்துக்குப் போடுற புளி" என்றாள். ஐயா மோந்தார், ஒரு நுள்ளு வாயில் போட்டார், முகத்துக்கு மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. யுத்த காலத்தில் பெரகலைச் சந்தியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்க, நீயும் நானும் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு எழுத்துக்கு இவ்வளவு பயப்படுகிற ஆளைப் பார்த்தால் அவர் அதைவிட எத்தனை வரிசையில் நின்றிருப்பாரோ.

ஆனால் பயம் தெளிந்ததும் ஐயா பழைய ஐயா ஆகிவிட்டார். என்னை உட்கார வைத்து 'ள' முப்பது முறை எழுத வைத்தார். என் காம்பராக் கடிதத்தை நாற்பது வருசமாகத் தேடாத கந்தோர், என் 'ள'வைத் திருத்த ஒரு மணித்தியாலம் செலவழித்தது. புறப்படும்போது "நல்ல புளி" என்று மூன்று தரம் சொன்னார். உன் அக்கா பழையதில் இரண்டு கை அள்ளிச் சுற்றிக் கொடுத்தாள். "வேண்டாம், வேண்டாம், நாங்கள் ஒண்டும் வாங்கப்படாது" என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து பிடித்தார். வாசலில் நின்று, "வாற திங்களுக்கு அடுத்த திங்கக்கிழமை ஒரிஜினலோட வாங்கோ, அப்பு. இல்லாட்டி என்னாலை ஒண்டும் செய்யேலாது" என்றார். புளிக்கு அவர் ரூலில் இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

அன்று தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை. லக்ஷிகா உடுப்புப் பெட்டி, சாமிப் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்துவிட்டாள். "வெள்ளைப் பெட்டியிலதான் மாமா வச்சேன்" என்கிறாள். எது வெள்ளை இல்லை இந்த வீட்டில்? இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்கு முதல் நாள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம் சொல்ல வேண்டியதை உனக்கு எழுதிவிடலாம் என்று தாள் தேடினேன். அப்போதுதான் கூத்து. நான் 'தாள்' என்று லேபல் ஒட்டிய பெட்டி, எழுதாத நல்ல வெள்ளைத் தாள் அடுக்கி இருந்த பெட்டி, எங்கே இருந்தது தெரியுமா? அடுக்களையில், பருப்புக்கும் கடலைக்கும் நடுவில்! அப்போது எனக்கு 'ள' தெரியாததால் 'தால்' என்று எழுதியிருந்தேன், போனில் வடநாட்டுச் சமையலும் பார்க்கிறவள் அல்லவா, அது ஏதோ பருப்பு என்று திறந்தே பார்க்காமல் அங்கே அடுக்கியிருக்கிறாள். கடிதம் எழுதுகிற தாளைப் பருப்போடு வைக்கிறவள், துரையின் கடிதத்தை எங்கே வைத்திருப்பாள், நீயே சொல்.

வீடு போனால் அது அந்தப் போன்காரியால் போனது என்று எல்லோரிடமும் சொல்வேன். உன் அக்காவின் முருங்கையை நினைத்தால்தான் கவலை.

கதிர்காமத்தான் உனக்கும் உன் வீட்டாருக்கும் நோய் நொடி இல்லாமல் நல்ல மழையும் நல்ல முழங்காலும் தரட்டும். உன் அக்காவின் ஆசீர்வாதம், மருமகளின் வணக்கம், என் அன்பு.

இப்படிக்கு, தன் கையாலேயே எழுதிய,
உன் மச்சான்.

பின்குறிப்பு: சனிக்கிழமை. கடிதத்தை முடித்ததும் பிழை பார்த்துத் தருகிறேன் என்று லக்ஷிகா வாங்கினாள். மூன்று தாள் வாசித்தாள், முகம் சரியில்லை. நாலாம் தாளுக்கு வந்து, ஏதோ நினைத்து, திருப்பிப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் தாளின் பின்பக்கம் எங்கள் கல்யாணப் பதிவு. இரண்டாவது கிஷாந்தன் பிறந்த சான்றிதழ். மூன்றாவது அரிசி குக்கருக்குக் கடைக்காரர் தந்த கேரண்டித் தாள். நாலாவது, பரமலிங்கம் ஐயாவின் புளித்த முகமும் திறந்து பிடித்த பையும் எழுதியிருக்கிற தாள்தான், துரையின் கடிதம். பூ மாதிரி தெரிந்தது துரையின் முத்திரை. நான் உரித்து எறிந்த மண்புழு லேபலில் 'முக்கியம்' என்று எழுதியிருந்ததாம்.

லக்ஷிகா அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். நிறுத்தவே இல்லை. ஆகவே மருமகளைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் பொய் என்று எடுத்துக்கொள். அவள் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள், எடுத்துக் கிறுக்கினது நான்.

பேனா மை அழியாதாம். உன் கையில் இருப்பது றவூப் நானாவின் மெசினில் அடித்த கொப்பி. ஒரிஜினலைத் திங்கட்கிழமை நானே கொண்டுபோய்ப் பரமலிங்கம் ஐயா கையில் கொடுக்க வேண்டும். அவர் எந்தத் தாளையும் திருப்பிப் பார்க்காமல் விடுகிற ஆள் அல்ல. அதனால் அவரைப் பற்றிச் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மூக்கைப் பற்றி நான் எழுத நினைத்து எழுதாமல் விட்டது தெய்வச் செயல். நாலாம் தாளை நானும் லக்ஷிகாவும் மூன்று தரம் வாசித்துவிட்டோம். ஒரு 'ள'கூடப் பிழை இல்லை. அதைப் பார்த்தாவது ஐயாவின் மனசு இளகும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். என்ன ஆனது என்று அடுத்த கிழமை எழுதுகிறேன், தாளை இரண்டு பக்கமும் பார்த்த பிறகு.