ஹூட்டைத் திற

கார் பழுது பார்க்கிறவர்கள் வேலை முடிந்த பிறகு கை கழுவுவார்கள். வேலைக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் ஒற்றி, விரல் நுனிகளை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்கிற ஒருவரைப் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சமையற்கட்டுச் சன்னல் வழியே பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அழுக்குக் கையால் புத்தகத்தைத் தொடலாமா?

வாசகர்களே, இவர் புத்தக மெக்கானிக் என்னும் இனம். எஞ்சினைத் திறக்குமுன் அட்டையைத் திறப்பவர்.

பெயர் சபாபதி, ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கிய நாள் முதல், சீமைக்குத் திரும்பும் துரைகள் சாமான்களை ஏலம் விட்டால் கட்டில் பக்கம் போகாமல் புத்தகப் பெட்டியில் தலையை விடுவார்; பத்து ரோடு என்கிற கடைத்தெருவின் பழைய கடைகளில் தூசி கிளப்புவார்; சிங்கப்பூருக்கு யார் போனாலும் சொல்லியனுப்புவார். இப்படிச் சேர்ந்த ரிப்பேர்ப் புத்தகங்கள் இங்கிலீஷ் லோரிக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு, தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் யந்திரத்துக்கு ஒன்று. அவர் காருக்கு? ஒன்றும் இல்லை. அதற்காகப் படிக்காமல் இருந்தாரா? கார் இருமினால் மோட்டார் சைக்கிள் புத்தகத்தைப் பிரிப்பார். பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னால், பட்டறைக்காரன் எதைப் படித்தான் என்று கேட்பார்.

கிள்ளானில் அவர் மைத்துனருக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையோடு பிறந்தவள் சபாபதியின் மனைவி புஷ்பவல்லி ஒருத்திதான். தாலியின் மூன்றாவது முடிச்சு அவள் போட வேண்டியது. வேலி ஓரம் வந்தாலே அதே பேச்சு. ரயிலில் போய்விடலாம் என்று கெஞ்சினாள். அந்த வாரம் பார்த்து, அமெரிக்காவிலிருந்து சரியான புத்தகம் தபாலில் வந்து இறங்கியது. இனி ரயிலா?

விடிந்ததும் புறப்பட்டோம். பின் சீட்டில் பட்டுப் புடவையில் புஷ்பவல்லி, பக்கத்தில், அடுத்த வீட்டிலிருந்து அவள் துணைக்கு அழைத்த நான். வழியில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. காரும் நின்றது. சபாபதி பதறவில்லை. மழைத் தண்ணீரிலேயே கை கழுவித் துடைத்து, புத்தகத்தைப் பிரித்தார். 'முதலில் ஹூட்டைத் திற' என்றிருந்தது. நம் ஊரில் ஹூட் என்றால் என்ன? தலைக்கு மேலே மடக்கி விரிக்கிற துணிக் கூரை. கொக்கிகளைக் கழற்றத் தொடங்கினார்.

"என்னங்க, மழை பேயுது."

"புத்தகத்துல போட்டிருக்கு, புஷ்பம். காரணம் இல்லாமலா எழுதுவான்?"

கூரை மடங்கியது. நாங்கள் நனைந்தோம். புத்தகம் நனையவில்லை; அதற்குக் குடை பிடிக்க என்னை வைத்திருந்தார். அடுத்த வரி, 'இப்போது எஞ்சினைப் பார்' என்றது. கூரையைத் திறந்தால் எஞ்சின் எப்படித் தெரியும் என்று வெகுநேரம் யோசித்தார். எஞ்சின் மூடியைத்தான் அமெரிக்காவில் ஹூட் என்கிறார்களாம். பின்னால் தெரிய வந்தது.

அவ்வழி வந்த காய்கறி லோரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மேளம் ஓய்ந்திருந்தது. மூன்றாவது முடிச்சை யாரோ ஒன்றுவிட்ட தங்கை போட்டிருந்தாள். புஷ்பவல்லி அழவில்லை. முந்தானையைப் பிழிந்தபடி கணவரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"மூணாவது முடிச்சு எத்தனாம் பக்கத்துல இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் கை புத்தகத்துக்குப் போனதை நான் பார்த்தேன்.

எங்களிடம் கார் இல்லை, எங்களுக்கென்ன என்கிறீர்களா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும், நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் வைத்தியப் புத்தகத்தைத் தேடியவர் யார்? ஹூட் என்ற சொல்லுக்குச் சரியான அர்த்தம் பார்க்க இப்போதே அகராதியை எடுக்க எழுந்திருப்பவர்கள், தயவுசெய்து கையைக் கழுவிக்கொண்டு போங்கள்.

கார் இன்று கொட்டகையில் நிற்கிறது. புஷ்பவல்லி கிள்ளானுக்கு ரயிலில் போய் வருகிறாள், தனியாக.