பன்னெண்டுக்குப் பதினெட்டு

“...வேற ஒண்ணுமில்ல தாயி, பொட்டியில தூசி” என்றார் பன்னெண்டுக்குப் பதினெட்டு.

அந்த மனிதர் தன் ஆயுளில் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அதையும் அவர் தனக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொன்னார். அந்தப் பொய்யை முதலில் சொன்னவனும் நான்தான். கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும்.

தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம் அது. விருதுநகரில் நானும் நாலு கம்ப்யூட்டரை வைத்து ஒன்று நடத்தினேன். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், சூலக்கரைக்குப் போய் கலெக்டரிடம் கொடுக்க மனு டைப் அடிக்க வருகிறவர்கள், இவர்கள்தான் என் வாடிக்கை. கம்ப்யூட்டரை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை, கழற்றிப் பார்த்துப் படித்தவன். திரும்ப மாட்டியபோது மிச்சமான ஸ்க்ரூக்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன.

பன்னெண்டுக்குப் பதினெட்டு ஒரு போட்டோகிராபர். சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படம் எடுப்பார். மாடு, குழந்தை, நெல்வயல் எல்லாம் அவர் கைவரிசை. அவருடைய சொந்தப் பெயர் கேஸ் கனெக்‌ஷன் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு இஞ்சுக்குப் பதினெட்டு இஞ்சு அளவுக்குக் குறைந்த எதையும் அவர் போட்டோ என்றே ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் ஊரே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. யாராவது பாஸ்போர்ட் சைஸ் கேட்டு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தால், “நேராப் போயி போஸ்ட் ஆபீஸ் இருக்கும், அங்கனதான் ஸ்டாம்பு விப்பாக” என்று வழி சொல்லி அனுப்புவார்.

தோளில் ஒரு துண்டு, சட்டைப் பையில் ஓர் அடி நீளத்துக்கு ஸ்டீல் ஸ்கேல். அது தாடையில் இடிக்காமல் இருக்க எப்போதும் முகத்தை அரைக்கால் அளவு வலதுபுறம் திருப்பியே வைத்திருப்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் தங்கள்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். புரோட்டாக் கடையில் இலையில் விழுந்த புரோட்டாவை அவர் அளந்ததை நானே பார்த்திருக்கிறேன். “போன வாரம் ஆறரை. இன்னைக்கு அஞ்சே முக்கால். முக்கால் இஞ்ச் எங்க மாஸ்டரே?” மாஸ்டர் அன்றிலிருந்து அவருக்கு மட்டும் தனியாகத் தட்டிப் போட்டார்.

இப்படிப்பட்டவரிடம் மும்பைக் காலண்டர் பார்ட்டி ஒருவர், “உங்கள் படமெல்லாம் வெப்சைட்டில் இருக்கிறதா?” என்று போனில் கேட்டுவிட்டார். மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே அண்ணாச்சி வாசலில் நின்றார்.

“தம்பி, எனக்கு ஒரு வெப்சைட்டு போடணும்.”

“போட்ருவோம் அண்ணாச்சி. படம் எந்த சைஸ்ல வைக்க?”

“என்னலே இப்பிடிக் கேக்க? பன்னெண்டுக்குப் பதினெட்டு.”

“பொட்டியே பதினஞ்சு இஞ்சுதான் அண்ணாச்சி.”

ஸ்கேலை உருவி மானிட்டரின் குறுக்கே வைத்தார். “பதினொண்ணுதாம்லே இருக்கு! நாலு இஞ்ச் ஒன்னைய ஏமாத்திப்புட்டான்.”

“கோணையா அளக்கணும் அண்ணாச்சி. இந்த மூலையிலருந்து அந்த மூலைக்கு.”

“எடத்தக் கோணையா அளந்து எவனாச்சும் கிரயம் முடிப்பானா? நல்ல ஆளுகிட்ட வாங்குனே போ.”

இரண்டு நாள் வாதாடி, படம் பெட்டியை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்ற அளவுக்கு இறங்கிவந்தார். அடுத்த பிரச்சினை, ஒரே படம் முதல் கம்ப்யூட்டரில் பத்து இஞ்சும் மூன்றாவதில் ஒன்பது இஞ்சும் இருந்தது. “ஒரு இஞ்ச் எங்கனலே போச்சு?” என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே உட்கார்ந்து ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தவர், தான் எதையும் எடுக்கவில்லை என்று காலைத் தூக்கிக் காட்டினார்.

முழு சைஸில் படங்களை ஏற்றினேன். அப்போதெல்லாம் டெலிபோன் ஒயரில் வருகிற இன்டர்நெட். படம் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். நெற்றி வரும். டீ குடித்துவிட்டு வந்தால் புருவம். மும்பைக்காரர் மாட்டுப் படத்தைத் திறந்து வைத்துவிட்டு அரைமணி கழித்துப் போன் செய்தார். “கொம்பு நன்றாயிருக்கிறது. மாடு எப்போது வரும்?” திங்கட்கிழமை மறுபடி பார்ப்பதாகவும், அன்றைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

“சின்னதாக்கிருவோம் அண்ணாச்சி” என்று கெஞ்சினேன். டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்து அவர் சொன்னதைத்தான் நான் இன்றுவரை மறக்க முடியாமல் இருக்கிறேன்.

“சின்னப் படம் என்ன செய்யும்னு ஒனக்குத் தெரியாதுலே. வேலைக்குப் போற ஆளு திடீர்னு தவறிட்டாகன்னு வையி. வீட்ல வேற படமே இருக்காது. அடையாள அட்டையத் தூக்கிட்டு வந்து, இதப் பெருசாக்கித் தாங்கன்னு நிப்பாக. அதுல ஸ்டாம்பு மாதிரி ஒரு மொகம், அதுலயும் பாதிக்கு மேல சீல். பெருசாக்குனா மூக்கு எது முழி எதுன்னு தெரியாது. ஒரு வீட்ல சின்னப் புள்ள அதப் பாத்துட்டு, இது எங்கப்பா இல்லன்னுருச்சு. நாந்தாம்லே அதச் செஞ்சு கொடுத்தேன்.”

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையானால் மொபெட்டை எடுத்துக்கொண்டு தாயில்பட்டிப் பக்கம் போய்விடுவார். பட்டாசு வேலைக்குப் போகிறவர்களை வீடு வீடாக, ஆளுக்கு ஒன்று, சும்மாவே படம் எடுப்பார். வருகிற தீபாவளி சீசன் முடிந்ததும் எல்லாருக்கும் மொத்தமாகப் பன்னெண்டுக்குப் பதினெட்டில் பிரிண்ட் போட்டுத் தருவதாக வாக்கு. கேமரா கார்டு நிறைந்ததும் என் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டு, கார்டை அழித்துக்கொண்டு அடுத்த வாரம் கிளம்புவார். என் கம்ப்யூட்டரை அவர் வீட்டுப் பீரோவாகவே நினைத்தார்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டேன். அவர் வாங்கித் தந்த டீயையும் குடித்தேன். சனிக்கிழமை மத்தியானம் காரியத்தைச் செய்தேன்.

மொத்தப் படங்களையும் ஒரே அடியாகச் சுருக்குகிற ஒரு சாப்ட்வேர் கிடைத்திருந்தது. அண்ணாச்சியின் போல்டரைக் காட்டி, அகலம் நானூறு பிக்சல் என்று கொடுத்தேன். அந்த போல்டருக்குள் மாடுகளோடு மனிதர்களும் இருந்தார்கள் என்பது என் புத்தியில் படவில்லை. பழைய படத்தின் மேலேயே புதிதை எழுதவா என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சோம்பல்பட்டு, ‘எல்லாவற்றுக்கும் ஆமாம்’ என்கிற பட்டனை அமுக்கினேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பிறகு ஒரு படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் தாயில்பட்டி முகங்களும் சுருங்கிப்போனது தெரிந்தது. என்னென்னவோ அமுக்கிப் பார்த்தேன், எதுவும் திரும்பி வரவில்லை.

வெப்சைட்டில் மட்டும் அந்தச் சின்னப் படங்களைப் பெட்டி அகலத்துக்கு இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். அண்ணாச்சி வந்து ஸ்கேலை வைத்தார். பத்து இஞ்ச் சரியாக இருந்தது. ஆனால் கண்ணைச் சுருக்கினார்.

“கொஞ்சம் பொகையா இருக்காப்புல தெரியுதே?”

“பொட்டியில தூசி அண்ணாச்சி.”

உடனே தோளிலிருந்த துண்டை எடுத்து மானிட்டரைத் துடைத்தார். “இப்பத் தேவலை” என்றார். தேவலையாக இல்லை. நான் சொன்னதால் அவருக்கு அப்படித் தெரிந்தது.

திங்கட்கிழமை மும்பையில் முழு மாடும் தெரிந்து, புதிய படங்கள் எடுக்க ஆர்டரும் வந்தது. “பாத்தியாலே, முழுசாப் போட்டதுனால மதிச்சான்!” என்று சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ வாங்கிவந்து கொடுத்தார். அதையும் தின்றேன். அன்றிலிருந்து எப்போது கடைக்கு வந்தாலும் முதல் வேலையாக என் மானிட்டரைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். ஏழு மாதம் துடைத்தார். ஏழு மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பாக்கியம் என்கிற அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாயில்பட்டிக்காரர். அவருடைய கணவர் செல்லையா மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். “அட்டையும் கையுமா நிக்காதீக தாயி. ஒங்க வீட்டுக்காரரு மொகம் எங்கிட்டப் பெருசா இருக்கு” என்று தைரியம் சொல்லிக்கொண்டே அவரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

வெம்பக்கோட்டை அணை நிறைந்த வருஷம் எடுத்த படம். கையில் ஒரு கெண்டை மீனைப் பிடித்துக்கொண்டு, அது நழுவுகிற நேரத்தில் செல்லையா சிரித்தது.

“பெருசாக்குலே” என்றார். ஆக்கினேன். “இன்னும்.” ஆக்கினேன். சிரிப்பு கட்டங்கட்டமாக உடைந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்துக்குக் கீழே இருந்த நானூறு பிக்சல் என்ற எண்ணைப் படித்தார். என்னைப் பார்த்தார். வைரஸ், கரண்ட் கட் என்று மாதக்கணக்கில் நான் காரணங்கள் தயாரித்து வைத்திருந்தேன்.

“நாந்தான் அண்ணாச்சி. வெப்சைட்டு போட்ட வரைக்கும் எடுத்த எல்லாப் படமும் இப்பிடித்தான் இருக்கு.”

கையில் உருவியிருந்த ஸ்கேலை அளக்காமலே சட்டைப் பைக்குள் வைத்தார்.

முக்கால் இஞ்ச் புரோட்டாவுக்குச் சண்டை போட்ட மனிதர். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. மறுநாள் அந்தப் படத்தை, தெளிவாகத் தெரிகிற மூன்று இஞ்ச் அளவிலேயே, பன்னெண்டுக்குப் பதினெட்டு வெள்ளைத் தாளின் நட்டநடுவில் பிரிண்ட் போட்டு பிரேம் கட்டினார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், தாயில்பட்டியில் முதல் வீட்டிலிருந்து மறுபடி எடுக்க ஆரம்பித்தார். ஒரு வீட்டில் மட்டும் மறுபடி எடுக்க வழியில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போது வண்டியின் வேகம் குறைந்தது. கார்டு நிறைந்ததும் என்னிடமே கொடுத்து, “கொட்டி வையி” என்றார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தபோது, பொறுக்க முடியாமல் பாக்கியம் அம்மாள் எழுந்து உள்ளே வந்துவிட்டார். சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு மானிட்டரை உற்றுப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அவுக மொகம் ஏன் இப்பிடிப் பொகையா இருக்கு?”

நான் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி எனக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

“கண்ணு கலங்கியிருக்குல்ல, அதான். வேற ஒண்ணுமில்ல தாயி, பொட்டியில தூசி” என்றார்.

பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, நெற்றியில் ஆரம்பித்து, புருவம், கண், மூக்கு, சிரிப்பு என்று மேலிருந்து கீழாக, அந்த மீன் வரைக்கும் மெதுவாகத் துடைத்தார்.