புரியாமைச் சான்றிதழ்

குடிமகன் ஒருவன் குறை சொன்னால் அதற்கு மரியாதையாகப் பதில் எழுத வேண்டும் என்பது நாகரிக உலகத்தின் மூத்த கொள்கைகளில் ஒன்று. குறையைத் தீர்க்க வேண்டும் என்று அந்தக் கொள்கையில் எங்கேயும் சொல்லவில்லை. இந்த நுணுக்கம் தெரியாமல்தான் மெத்தைக்கடைக்காரர் மாட்டிக்கொண்டார்.

மெத்தைக்கடைக்காரர் பரம சாது. கடைக்கு யார் வந்தாலும், "முதல்ல படுத்துப் பாருங்க, காசைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்பார். சிலர் படுத்த இடத்திலேயே தூங்கிப்போவார்கள். அவர் எழுப்ப மாட்டார். இப்படிப் பிழைத்தும் கொஞ்சம் காசு சேர்ந்தது என்றால் அது அவர் மனைவியின் கெட்டிக்காரத்தனம். அந்த அம்மாளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், அதுவரை காசு சும்மா கிடப்பானேன் என்று மெத்தைக்கடைக்காரர் ஃபிக்ஸட் டெபாசிட் போட பேங்குக்குப் போனார்.

அங்கே டை கட்டிய ஒரு தம்பி நாற்காலி இழுத்துப் போட்டான், தண்ணீர் கொடுத்தான், "உங்களைப் பாத்தா எங்கப்பா ஞாபகம் வருது" என்றான். போதாதா? தம்பி காட்டிய இடத்திலெல்லாம் நம்மவர் கையெழுத்துப் போட்டார். வருஷம் கழித்துப் போய்க் கேட்டால், அது டெபாசிட்டே இல்லையாம். 'பொன்வசந்தத் தலைமுறைத் திட்டம்' என்ற காப்பீடாம். பதினைந்து வருஷத்துக்குத் தொட முடியாதாம். அதுவரை வருஷா வருஷம் அதே தொகையைக் கட்டவும் வேண்டுமாம்.

"பதினஞ்சு வருஷம் கழிச்சு எனக்கு முட்டி எதுக்கு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி.

ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று குறைதீர்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஆணையத்தில் அந்தச் சமயம் ஒரு புது மோஸ்தர் புகுந்திருந்தது. வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, கை தட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, "மறுப்பைக்கூட மலரைப் போல் நீட்டுங்கள்" என்று வகுப்பெடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆகவே நிராகரிப்புக் கடிதத்தின் முதல் பக்கம் இப்படி இருந்தது: "பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் குரல் எங்கள் நெஞ்சைத் தொட்டது. தங்களைப் போன்ற விழிப்புள்ள குடிமக்களே இவ்வாணையத்தின் ஒளிவிளக்கு. தங்கள் துணிவுக்குத் தலைவணங்குகிறோம்." புகாரை நிராகரித்த சங்கதி ஆறாம் பக்கத்தில் இருந்தது. குறிப்பிட்ட கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது.

முதல் பக்கத்தைப் படித்ததுமே மெத்தைக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவருக்கு யாரும் தலைவணங்கியது கிடையாது. நேரே கொண்டுபோய் பிரேம் போடக் கொடுத்தார். பிரேம் போடுகிறவன் சிக்கனக்காரன். மிச்சப் பக்கங்களை அட்டைக்குப் பதிலாகப் பின்னால் வைத்து ஆணி அடித்துவிட்டான். கடையில் மாட்டி, வருவோர் போவோரிடமெல்லாம் "ஜெயிச்சுட்டோம்ல" என்றார். மனைவி ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டு வந்தாள். குறித்த நாள் வந்தது, பணம் வரவில்லை. பிரேம் ஒருநாள் தானாகக் கழன்று விழுந்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் கெடு எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டு பேரும் ஆணையத்துக்கு ஓடினார்கள். அதாவது, அவர் ஓடினார், அம்மாள் நொண்டினாள். காலதாமத மன்னிப்புப் பிரிவு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில் 'தங்கள் பொறுமைக்குத் தலைவணங்குகிறோம்' என்று பலகை தொங்கியது. அம்மாள் ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

"தாமதத்துக்கு என்ன காரணம்?" என்றார் அதிகாரி.

"பிரேம் போட்டுட்டேன் சார்."

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பிரேம் இதுல இல்லீங்களே. வெள்ளம் இருக்கு, நிலநடுக்கம் இருக்கு, நினைவு தப்பினது இருக்கு, இறப்பு இருக்கு. இதுல ஏதாவது நடந்துச்சா?"

"இல்ல சார்."

"இறப்புன்னா சுலபம். விண்ணப்பதாரர் நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

மெத்தைக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். "போட்டுடட்டுமா?"

"சும்மா இருங்க," என்றாள் அவள்.

"தாமதமாகும்னு முன்கூட்டியே ஒரு மனு குடுத்திருக்கலாமே," என்றார் அதிகாரி.

"தாமதமாகும்னு எனக்கே தெரியாதே சார்."

"தெரியாம தாமதம் பண்றதுக்கு விதியில இடமே இல்லீங்க. தெரிஞ்சு பண்ணினாத்தான் மன்னிக்க முடியும்."

அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. இரக்கப்பட்டு இன்னும் நாலு பக்கம் புரட்டினார். "ஒண்ணு இருக்கு. 'கடிதத்தின் பொருளை விளங்கிக்கொள்ள இயலாமை.' புரியாமைச் சான்றிதழ் வாங்கணும். நான்தான் குடுக்கணும். கடிதத்தை உங்களுக்கு நான் விளக்குவேன், அப்பவும் உங்களுக்குப் புரியலைன்னா சான்றிதழ். ஆரம்பிக்கலாமா?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்: "முறையீட்டாளர் கூறும் குறையானது, குறையெனக் கருதப்படாதவற்றுள் அடங்காதது எனக் கருதப்படாமையால், மேற்படி குறை இல்லாமையில்லை என்பது ஏற்கப்படாததாகிறது." முடிப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. "புரிஞ்சுதா?"

"புரியல சார்."

"எது புரியல?"

"அந்த 'இல்லாமையில்லை'ங்கறது..."

அதிகாரி பேனாவை மூடினார். "பாத்தீங்களா? எது புரியலைன்னு உங்களுக்குத் தெரியுது. அப்ப மிச்சமெல்லாம் புரிஞ்சிருக்கு. இது பகுதிப் புரியாமை. சான்றிதழ் முழுப் புரியாமைக்குத்தான்."

அம்மாள் தரையிலிருந்தே பேசினாள். "சார், அவருக்கு எதுவுமே புரியாது. கல்யாணமான நாளாப் பாக்கறேன். விருந்தாளி முன்னாடி பேச்சை நிறுத்துங்கன்னு கண்ணைக் காட்டினா, 'கண்ணுல என்ன விழுந்துச்சு'ன்னு ஊதிவிட வருவாரு."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "இதை எழுதித் தர்றீங்களாம்மா? குடும்ப சாட்சின்னா ரொம்ப பலம்."

மெத்தைக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கட்டின மனைவியே இப்படி எழுதிக் கொடுக்கிறாளே! ஆனால் அவள் முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது. மானத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி மறுபடியும் படித்தார். "எது புரியல?"

"நீங்க என்ன கேக்கறீங்கன்னே புரியல சார்."

"பிரமாதம்," என்று முத்திரையைக் குத்தினார். 'இவர் எந்த ஒன்றையும் விளங்கிக்கொள்ளும் ஆற்றல் அறவே அற்றவர் என்று பெருமகிழ்ச்சியுடன் சான்றளிக்கப்படுகிறது' என்றது சான்றிதழ்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. புகார் மறுபடி திறக்கப்பட்டது. எதுவுமே புரியாத ஒருவர் திட்டத்தைப் புரிந்துகொண்டுதான் வாங்கினார் என்ற பேங்கின் வாதம் அறிவுக்கு ஒவ்வாது என்று தீர்ப்பாயிற்று. பேங்க் முழுப் பணத்தையும் வட்டியோடு ஆணையத்தில் கட்டிவிட்டது. இருவரும் மறுபடி மூன்று மாடி ஏறினார்கள். இந்தத் தடவை அம்மாள் வலியைப் பொருட்படுத்தவே இல்லை.

"வாங்க வாங்க," என்றார் அதிகாரி. "பணம் வந்தாச்சு. ஆனா உங்க கையில குடுக்க முடியாது."

"ஏன் சார்?"

"எதுவும் புரியாதவர் கையில பணத்தைக் குடுத்தா நாளைக்கே யாராவது ஏமாத்திடுவாங்களே. உங்களைக் காப்பாத்தறது எங்க கடமை."

"அப்ப என் சம்சாரம் கையில குடுங்க."

"அதெப்படி? முட்டி அவங்களுது. அவங்க சொந்த நலன் கலந்திருக்கு. விதி இடம் கொடுக்காது."

மெத்தைக்கடைக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. "பணம் இப்ப எங்கதான் இருக்கு?"

"அந்தக் கவலையே வேண்டாம். ஆணையத்தோட பொது நிதியில பத்திரமா இருக்கு. எங்க ஊழியர்கள் சேமிப்பு மொத்தமும் அதோடதான். போன மாசம்தான் எல்லாத்தையும் சேத்து ஒரு நல்ல இடத்துல போட்டோம்." மேஜை இழுப்பறையிலிருந்து பளபளவென்று ஒரு காகிதத்தை எடுத்துப் பெருமையாக நீட்டினார். பொன்வசந்தத் தலைமுறைத் திட்டம்.

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "என்ன அப்படிப் பாக்கறீங்க? நல்ல திட்டம்தானே? எப்ப வேணா எடுத்துக்கலாம்னு அந்த டை கட்டின தம்பி சொன்னானே. அடுத்த மாசம் என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுக்கணும். எடுக்கலாம்ல?"

பக்கத்து மேஜைகளில் பேனா ஓட்டம் நின்றது. அந்தத் திட்டத்தின் ஒவ்வொரு வரியும் மெத்தைக்கடைக்காரருக்கு இப்போது மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். சொல்லத்தான் வாயெடுத்தார். மனைவி கண்ணைக் காட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அது புரிந்தது.

"எனக்கு எதுவும் புரியாது சார்," என்றார்.

அதிகாரி அம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா."

"நான் எப்படி சார் சொல்றது? எனக்குச் சொந்த நலன் கலந்திருக்கு."

மறுநாள் விடிந்ததும், பணத்தைக் கேட்டுப் புதுப் புகார் கொடுக்கலாம் என்று இருவரும் வந்தார்கள். ஆணையத்தின் வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருந்தது. முதல் ஆளாக, கையில் அந்தப் பளபளக் காகிதத்தோடு அதிகாரி நின்றார். அவருக்குப் பின்னால் மூன்று மாடி ஊழியர்களும் நின்றார்கள். டோக்கன் கொடுக்கிறவரும் அந்த வரிசையிலேயே நின்றதால் டோக்கன் கொடுக்க ஆள் இல்லை. அம்மாள் புருஷன் தோளைப் பிடித்துக்கொள்ள, இருவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.