டவல் போட்ட இரண்டு சீட்டு

ஆவடியிலிருந்து பாடி வரை, டார்ச்சைப் போல சினிமாவை வெறுத்த ஆள் கிடையாது. இத்தனைக்கும் அவர் வேலை பார்த்ததே அம்பத்தூரில் ஒரு தியேட்டரில்தான். இருட்டில் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் டார்ச்தான்; அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது. ஏழாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பிய நான், அந்த வருஷம் அங்கே சமோசா விற்றேன்.

வீட்டை விட்டு ஓடிப்போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு படம் வந்தது. ஜனம் அழுதது. டார்ச் திரையோடு சண்டை போட்டார். பிள்ளைகள் நட்சத்திரம் பார்த்துப் படுத்தால், "கொசு எங்கடா?" என்பார். கைகோத்து ஓடினால், "நான் ஓடியாந்தப்ப ஒரு நாய்தான் கூட வந்துச்சு. அதுவும் பாடியாண்ட நின்னுகிச்சு" என்பார். அவர் பேச்சைக் கேட்கவே சிலர் மறுபடி வந்தார்கள்.

கடைசியில் பிள்ளைகள் திரும்பி வர, அம்மா கதவைத் திறப்பாள். அதற்கு மட்டும் டார்ச் வாய் திறக்கமாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"நானும் திரும்பிப் போனேன் நைனா. ஊட்ல வேற யாரோ குடியிருந்தாங்க."

ஒருநாள் பள்ளிச் சீருடையில் தனியாக வந்த ஒரு சிறுமி, பகல் காட்சி முடிந்தும் எழுந்திருக்கவில்லை. டார்ச் பக்கத்தில் குந்தினார்.

"இன்னாம்மா, ஊட்டுக்குப் போலயா?"

"அப்பா அடிக்கிறாரு."

"போனா யாரு கதவத் தொறப்பா?"

"அம்மா."

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது அவருக்கு. வேலையை விட்டுப் போகாதே என்று முதலாளி கத்தக் கத்த, அயனம்பாக்கத்தில் இருந்த அவள் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் போனேன். கதவைத் திறந்த அம்மாவுக்கு உதடு கிழிந்திருந்தது. மகளை உள்ளே இழுத்துக்கொண்டு, "தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்றாள்.

டார்ச் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அடுத்த வாட்டி புள்ளயத் தனியா உடாதம்மா. நீயும் வந்துடு. தியேட்டர்ல சீட்டு போட்டு வைக்கிறேன்."

கதவு மூடிக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸில், "தப்புப் பண்ணிட்டனா நைனா?" என்றார். 

அதற்குப் பிறகு அவர் திரையோடு பேசவில்லை. கடைசி வரிசையில் இரண்டு சீட்டின் மேல் டவலை விரித்து வைத்தார். படங்கள் மாறின, டவல் அங்கேயே கிடந்தது. ஒரு பொங்கலன்று நிற்கக்கூட இடமில்லை. பாடியிலிருந்து வந்த கம்பெனி ஆட்கள் டவலைத் தூக்கப் பார்த்தார்கள்.

"யாருக்கு மாமே இந்த சீட்டு?"

"எங்க ஊட்லேந்து வர்றாங்க."

அவருக்கு வீடு கிடையாது என்று எனக்குத் தெரியும். சமோசாத் தட்டை இறக்கி வைத்துவிட்டு, அந்த வரிசைக்குக் குறுக்கே நானும் போய் நின்றேன்.