நிற்க

ஃபுகுச்சியாமா,
செப்டம்பர் நடுவில்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி தோகாஷி அவர்களின் சமுகத்திற்கு, மினாகுச்சி தத்சுவோ தலை குனிந்து எழுதுவது.

பருவம் மாறும் இவ்வேளையில் தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளை கெய்தாவும், எங்கள் சயோரியும், பேத்தி மொமோகாவும், தொழுவத்தில் உள்ள பசுக்கள் அனைத்தும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. தங்கள் ஹொக்கைடோவில் இதற்குள் கம்பளியை வெளியே எடுத்துவிட்டார்கள் என்று அங்கிருந்து திரும்பிய என் மனைவி ஃபுமியே சொன்னாள். அவளிடம் தாங்கள் கொடுத்தனுப்பிய வெண்ணெய் வந்து சேர்ந்தது. அதைச் சூடான சோற்றில் போட்டுத் தின்று தின்று என் வயிறும் தங்கள் குடும்பத்தோடு உறவு கொண்டாடி வருகிறது. நிற்க.

இந்த 'நிற்க' என்பதைக் கடிதத்தில் எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். வண்டியில்தான் எனக்கு அது வரமாட்டேன் என்கிறது. ஆக, இந்த ஆண்டும் தங்கள் இல்லத்திற்கு வர இயலவில்லை என்பதைத் தெரிவித்து மன்னிப்புக் கோரவே இக்கடிதம். கல்யாண விருந்தில் தாங்கள் பேசியது மொத்தமே ஒரு வாக்கியம்தான்: "எங்க ஊர்ல ரோடு ஒரே நேரா போகும், வந்து பாருங்க சம்பந்தி." பேசாமல் தலையாட்டியிருக்கலாம். சாக்கே மது தலைக்கு ஏறியிருந்த நேரம். எழுந்து மைக்கைப் பிடித்து, வந்தால் பைக்கில்தான் வருவேன், விமானத்தில் பறந்து வந்து பெண்ணைப் பார்க்கிறவன் ஓர் அப்பனா என்று முழங்கிவிட்டேன். நகராட்சிக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் குழாய் உடைந்ததைத் தவிர வேறெதையும் நான் மைக்கில் பேசியவன் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள், தாங்களும் தட்டினீர்கள், அந்தக் கைதட்டல்தான் இன்றுவரை என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பசுக்களுக்கு லீவு கிடையாது என்பதால் சயோரி இங்கே வர முடிவதில்லை. ஃபுமியே விமானத்தில் போய்ப் போய் வருகிறாள். நான் வாசலில் வண்டியோடு இருக்கிறேன்.

வண்டியைப் பற்றித் தங்களுக்கு விளக்கமாகச் சொன்னதில்லை. மலை, மணல், ஆறு எல்லாவற்றையும் தாண்டும் வகை. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் கண்ணாடித் தடுப்பு. விளம்பரப் படத்தில் ஒரு மனிதர் அதன்மேல் உட்கார்ந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரோடு சேர்ந்து அடிவானத்தைப் பார்த்தேனே ஒழிய, அவர் காலின் நீளத்தைப் பார்க்கவில்லை. வண்டி வந்து இறங்கிய அன்று ஏறி உட்கார்ந்தேன், இடது காலை இறக்கினேன், இறக்கிக்கொண்டே இருந்தேன், தரை வரவில்லை. பக்கத்து வீட்டு நிஷிவாக்கியின் ஹைட்ரான்ஜியா செடிகள்தான் வந்தன. ஓடும்போது விழுவது வேறு, நிற்கும்போது விழுவது வேறு என்று இரண்டாவதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள் இந்த பைக்காரர்கள்: 'தாச்சிகோகே'. முன்னது வீரம், பின்னது மானக்கேடு. எனக்கு வாய்த்ததெல்லாம் பின்னதுதான். ஃபுமியே ஓடி வந்து என்னைத் தூக்குவதற்கு முன் செடியைத் தூக்கி நிறுத்தினாள்.

அதன்பிறகு இருக்கையின் பஞ்சை வெட்டிக் குறைத்தோம். அப்போதும் எட்டவில்லை. காலணியின் அடிப்பகுதியைக் கட்டை வைத்து உயர்த்தித் தரும் கடை இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போய் அப்படியே செய்து வாங்கினேன். அருமையாக எட்டியது, விரல் நுனி அல்ல, அரைப் பாதமே எட்டியது. ஆனால் அத்தனை தடிமனான காலணி கியர் மிதிக்குக் கீழே நுழையுமா என்று கடைக்காரரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முதல் கியரில் கிளம்பியவன் இரண்டாவதுக்கு மாற்ற முடியாமல், ஊருக்கு நடுவே ஆற்றுப் பாலம் வரைக்கும் முதல் கியரிலேயே போனேன். நிறுத்தினால் விழுவேனோ என்று பயம், போனால் வண்டி கதறுகிறது. எனக்குப் பின்னால் கார்கள், பால் வண்டி, பள்ளிக்கூட பஸ் எல்லாம் சாவு ஊர்வலம் மாதிரி மெதுவாக வந்தன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முதல் வருஷம் இப்படிப் போயிற்று.

மறு வருஷம் வேறு செருப்புக்காரரிடம் போய் அளவாகக் குறைத்துக்கொண்டு, மே மாத இறுதியில் பயிற்சிக்காகக் கடற்கரைப் பக்கம் கிளம்பினேன். இங்கேதான் தாங்கள் நம்ப மாட்டீர்கள். பைக்கில் போகிறவர்கள் எதிரெதிரே வந்தால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் இடது கையைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். தங்கள் பக்கத்தில் அது நிறையவாம். எதிரே வந்த முதல் ஆள் எனக்குக் கையைத் தூக்கினார். சம்பந்தி, ஓய்வு பெற்ற பிறகு என்னை வழியில் பார்த்து மரியாதை செய்த முதல் மனிதர் அவர்தான். ஆனால் ஆயுசுக்கும் குடிநீர்ப் புகார் வாங்கிய உடம்பு இது. யார் கையை உயர்த்தினாலும் தலை தானாகக் கீழே போய்விடும், போனால் அரைகுறையாகவும் போகாது. முதல் ஆளுக்குக் குனிந்தேன், தப்பித்தேன். இரண்டாவதாக வந்தவருக்கும் குனிந்து தப்பித்தேன். அப்புறம் ஒரு கூட்டமே வரிசையாக வந்தது. ஒருவருக்குக் குனிந்து இன்னொருவருக்குக் குனியாமல் இருக்க முடியுமா? கடைசி ஆளுக்குக் குனிந்து நிமிர்ந்தபோது சாலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, நான் திரும்பியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் நாற்று நட்டு முடித்த வயல். இதை நான் விழுந்த கணக்கில் சேர்க்கமாட்டேன், ஏனென்றால் வண்டி சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து கம்பீரமாக நேராக நின்றது. அதைவிட, வண்டி வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக என் இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிந்தன.

வயல்காரர் ஓகிதா வரப்பில் வந்து நின்றார். அவருக்கும் குனிந்தேன்.

"குனிஞ்சுக்கிட்டே வந்து எறங்கினீங்களே, யாருக்கு அது?" என்று கேட்டார்.

"யாருன்னு தெரியாதுங்க. கையத் தூக்கினாங்க."

"தெரியாதவங்களுக்கே வயலுக்குள்ள எறங்கிட்டீங்க. தெரிஞ்சவங்களைப் பாக்கப் போனா என்ன ஆவீங்க?"

அன்று பொழுது சாயும்வரை அவரோடு சேர்ந்து நாற்றைத் திரும்ப நட்டேன். அவர் கேட்ட கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. தெரிந்தவர்களைப் பார்க்கத்தானே கிளம்பினேன்? அவர்களைத் தவிர ஊரில் இருக்கிற எல்லோருக்கும் குனிந்துகொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் கதை இன்னும் சுருக்கம். மைசுரு துறைமுகத்திலிருந்து ஹொக்கைடோ போகும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தங்களுக்கென்று எங்கள் தம்பா மலைப்பக்கத்துக் கறுப்புச் சோயாவை ஒரு பெட்டி நிறைய ஏற்றி, இன்னொரு பெட்டியில் மொமோகாவுக்கு ஒரு சின்ன ஹெல்மெட்டை வைத்து, பாரத்தோடு ஓட்டிப் பார்க்கலாமென்று நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்துக்குப் போனேன். பைக்காரர்கள் வரிசையாக வண்டிகளை விட்டுவிட்டு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். நான் அழகாகப் போய் நின்று, அழகாகக் காலை இறக்கினேன். அந்த இடத்தில் மட்டும் தரை சரிவாக இருந்திருக்கிறது. பெட்டி திறந்து சோயா முழுக்க உருண்டு ஓடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஐஸ்கிரீமை வைத்துவிட்டு வந்து எல்லோரும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார்கள், பொறுக்கிக்கொண்டே அவரவர் விழுந்த கதையைச் சொன்னார்கள். ஒருவர் பெட்ரோல் பங்கில், ஒருவர் மாமியார் வீட்டு வாசலில், ஃபுமியே வயசுள்ள ஓர் அம்மாள் டிரைவிங் ஸ்கூலில் சான்றிதழ் வாங்கிய கையோடு. அந்த அம்மாள்தான், முதுகை வண்டிப் பக்கம் கொடுத்து முழங்காலால் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வண்டி எழுந்துவிட்டது. என்னால்தான் நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு அந்த அம்மாளுக்கே ஆழமாகக் குனிந்தபடி நின்றேன், அவரும் பதிலுக்குக் குனிந்தார், நான் நிமிராததால் பாவம் அவரும் நிமிரவில்லை.

பனி விழும்வரை இந்த வண்டியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனி விழுந்தபின் தங்கள் ஊருக்கு எவன் பைக்கில் வருவான்? ஆகவே துடைக்கிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வாங்கி வைத்து, ஓட்டாமல், துடைத்துத் துடைத்து அழகு பார்க்கிற வண்டிக்கு 'போன்சாய்' என்று பெயர் சொல்வார்கள். நேற்று நிஷிவாக்கி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்க போன்சாய்க்கு இன்னைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று விசாரித்தார். ஹைட்ரான்ஜியா விஷயத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஃபுமியே வந்து சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. தங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். ஒருமுறை வீடியோவில் பேசும்போது வண்டிமேல் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து காட்டினேன். அதிலிருந்து மொமோகாவுக்கு நான் ஹெல்மெட் தாத்தா. அது இல்லாமல் வீடியோவில் வந்தால் "தாத்தா எங்க?" என்று என்னிடமே கேட்கிறாள். எங்கள் சயோரியும், தாத்தா பைக்கில் வருவார் என்று சொல்லிச் சொல்லியே சோறு ஊட்டியிருக்கிறாள்.

"பால் கறந்து முடிஞ்சதும் கொழந்த வேலிக்கிட்ட போய் நின்னுடுதுங்க" என்றாள் ஃபுமியே. "ஹெல்மெட் போட்டுக்கிட்டு யாரு போனாலும் தாத்தான்னு கையத் தூக்குது. அவங்களும் தூக்கிக் காட்டிட்டுப் போறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பேத்திக்கு நாடு முழுக்கத் தாத்தாக்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"சாப்பிடறப்ப என்ன சொல்லுது தெரியுமா? தாத்தா இன்னைக்கும் நிக்காம போயிட்டாருங்குது."

நான் எழுந்து வண்டியைத் துடைக்கப் போனேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி, தங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும். சயோரியைப் பார்க்க வேண்டும். தங்கள் சாலை நேராகப் போகிறதா வளைந்து போகிறதா என்பதைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இல்லை, அடிவானத்தைப் பார்க்கிற ஆசையும் எப்போதோ போய்விட்டது. ராத்திரி படுத்தால் அந்த வேலிதான் கண்ணுக்குள் வருகிறது. அது மரவேலியா கம்பிவேலியா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்ன சொல்லை விழுங்கிவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு விமான நிலையத்திலிருந்து வந்து தங்கள் முன் எப்படி நிற்பது?

எனவே அடுத்த ஜூனில் கட்டாயம் வருவேன் என்று உறுதி கூறி, இந்த ஆண்டுக்கு மன்னிப்பை வேண்டுகிறேன். குளிர் வருகிறது, மொமோகாவை வேலியோரம் நிற்க விடாதீர்கள். சயோரிக்கு அவள் அப்பாவின் ஆசிகள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கம். பசுக்கள் குறைவில்லாமல் கறக்கட்டும். தங்கள் மேனி நலம் காத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
மினாகுச்சி தத்சுவோ

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். நான் உறை தேடப் போன நேரத்தில் ஃபுமியே இதைப் படித்துவிட்டாள். "கொழந்த வண்டியா கேட்டுச்சு? நிக்கத்தானே சொல்லுது" என்று ஒரே வார்த்தைதான். பிறகு போனை எடுத்து எனக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டாள். சனிக்கிழமை மதியம் வருகிறேன். சயோரியிடம் சொல்ல வேண்டாம். தங்கள் தொழுவத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஸ்கூட்டர் நிற்கிறதாமே, தாங்கள் மாடு பார்க்கப் போவீர்களே, அதைப் பண்ணைக்கு முந்தின முச்சந்தி வரைக்கும் கொண்டுவந்து வையுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி அங்கே வருகிறேன். டாக்டர் வேண்டாம் என்றது பெரிய வண்டியைத்தான். ஸ்கூட்டரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வருவேன். விமானத்தில் கழற்றச் சொன்னால் மடியில் வைத்துக்கொள்வேன். மொமோகா கையைத் தூக்குவாள், நானும் தூக்குவேன், சத்தியமாகக் குனிய மாட்டேன். அப்புறம் நிறுத்துவேன். அதனால் ஒரே ஒரு உதவி, சம்பந்தி: வேலிக்கு முன்னால் கல் கில் கிடந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு, கொஞ்சம் வைக்கோலைப் பரப்பி வையுங்கள். எனக்கு ஓட்டத் தெரியும், நிற்கத்தான் இனிமேல் பழக வேண்டும்.