இருபத்து நாலு வியாசம்

"சந்தோசமா எழுதோணுமாம்! சொந்தமா எழுதோணுமாம்!"

வேலுமணி வாத்தியார் கையிலிருந்த தபால் கார்டைத் தூணில் ஓங்கி அறைந்தார். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கைதான் வலித்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

முள்ளுக்காட்டுப்பாளையம் ஜில்லா போர்டு ஸ்கூலுக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறாராம். பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல், சொந்தக் கற்பனையில், மகிழ்ச்சியோடு வியாசம் எழுத வேண்டுமாம். அன்றைக்குத் திங்கட்கிழமை.

"பக்கத்தூருச் சின்னுசாமி வாத்தியாரைக் கொல்லிமலைக்குத் தூக்கியடிச்சது இந்த மனுசன்தான் புள்ளே. பசங்க எழுதுன வியாசத்தைப் படிச்சாராம், அங்கயே உக்காந்து மாத்தல் எழுதிப்போட்டாராம். இவர் எழுதுனா போர்டுல மறுபேச்சு கெடையாது."

"மலைக்குன்னா நீங்க மட்டும் போய்க்குங்க" என்றாள் மனைவி வசந்தாமணி, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே. "குளிர்காய்ச்சல்ல சாகறதுக்கு நான் வரமாட்டேன். எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன்."

சொன்னால் செய்துவிடுகிறவள். கல்யாணமாகி ஆறு வருஷம். மேட்டூர், கெங்கவல்லி என்று போர்டு அவரைப் பந்தாடியதில், இருவரும் ஒரே கூரையின் கீழ்க் குடித்தனம் நடத்தியது இந்த எட்டு மாதம்தான். அதிலும் மண் விழப்போகிறதே!

அன்று மத்தியானமே ஆரம்பித்தார். "பலகையை எடுங்கடா! பசுவைப் பத்தி எழுதுங்க. அவனவன் மனசுல இருக்கறத எழுதோணும்!"

இருபத்து நாலு பலகைகள் வந்தன. இருபத்து மூன்றில் ஒரே வாசகம்: 'பசு ஒரு சாதுவான பிராணி. அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு.'

"மனசுல இருக்கறத எழுதச் சொன்னா என்னடா இது?"

"இதுதானுங்க சார் மனசுல இருக்குது" என்றான் குழந்தைவேல். "நீங்கதானுங்களே அடிச்சு அடிச்சு ஏத்துனீங்க!"

இருபத்து நாலாவது பலகை சின்னாயியுடையது. 'எங்கள் பசு சாது இல்லை. என் அப்பாவை நாலு தடவை உதைத்தது. அப்பா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை எனக்கு எழுத வரும்.'

"ஐயையோ, கெட்டுது குடி!" வாத்தியார் தன் துண்டாலேயே அதை அழித்தார்.

செவ்வாய்க்கிழமை மகிழ்ச்சிக்கு ஒத்திகை. "நான் பெரம்பைத் தூக்குனதும் எல்லாரும் சிரிக்கோணும். வெளங்குச்சா?"

பிரம்பைத் தூக்கினார். பழக்க தோஷம், இருபத்து நாலு பேரும் உள்ளங்கையை நீட்டினார்கள். முன்வரிசை விம்மத் தொடங்கியது.

"சிரிங்கடா! சிரிக்காதவன் தோலை உரிச்சுப்போடுவேன்!"

அவ்வளவுதான், பள்ளிக்கூடமே இழவு வீடாகிவிட்டது. ஒருவன் எழுந்து வீட்டுக்கே ஓடிப்போனான்.

வேறு வழி? ஆளுக்கு ஒரு வியாசமாக இருபத்து நாலையும் தானே எழுதிக் கொடுத்து உருப்போட வைப்பது என்று முடிவு கட்டினார். சாயங்காலம் உட்கார்ந்தார். ஆடு, கோழி, ஏர், கிணறு, சந்தை வரைக்கும் ஓடியது. ஆறாவதற்குச் சரக்கு தீர்ந்துபோயிற்று.

"ஒரு காக்கா கல்யாண ஊட்டுல மாப்பிள்ளையோட தலைப்பாவைத் தூக்கீட்டுப் போயிருச்சுன்னு எழுதுங்க" என்றாள் வசந்தாமணி.

"எந்த ஊர்ல நடந்துச்சு?"

"எங்கயும் நடக்கல."

"அப்பப் பொய்யா?"

"கற்பனைன்னு கார்டுல போட்டிருக்குதுன்னீங்களே, அது வேற என்னவாமா?"

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எருமை சங்ககிரிக் கோட்டையைப் பிடித்தது, பாட்டன் மீசையில் குருவி கூடு கட்டியது. பத்தாவது வியாசத்தில் தான் சிரித்துக்கொண்டிருப்பதைத் தானே கண்டுபிடித்து, 'இருக்கிற கேட்டுக்குச் சிரிப்பு வேறயா' என்று தன்மேலேயே எரிந்து விழுந்தார். ஆனாலும் இருபத்து நாலும் முடிந்தது.

புதன்கிழமை முழுக்க மனப்பாடம். அந்தப் பள்ளியில் மனப்பாடம் என்றால் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, தொண்டை கிழிய, ஒரே நேரத்தில் படிப்பது. இருபத்து நாலு வியாசம், இருபத்து நாலு தொண்டை. யார் காதில் எது ஏறும்? சாயங்காலம் ராசுவை ஒப்பிக்கச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு நாலு காலும் ஒரு வாலும் உண்டுங்க. கோட்டை மேல மேயறப்ப அவரு மீசையில எருமை கூடு கட்டுச்சுங்க."

வேலுமணி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அடிக்கக்கூடத் தெம்பில்லை.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வண்டியில் வந்து இறங்கினார். பின்னாலேயே பெட்டியைச் சுமந்துகொண்டு பியூன் மாதையன். "எழுதுங்கள் குழந்தைகளே" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார்.

எழுதினார்கள். பாதியில் மறந்தது. பக்கத்துப் பலகையைப் பார்த்தார்கள், அது இன்னும் மோசம். தோன்றியதைப் போட்டு ஒப்பேற்றினார்கள். தான் எழுதியதைப் படித்து ராசு களுக்கென்றான். அதைப் பார்த்துச் சின்னாயி, அப்புறம் வரிசை வரிசையாக எல்லாரும். பதினோரு வருஷ வாத்தியார் வேலையில், பிரம்புக்கு முன்னால் பிள்ளைகள் தாமாகச் சிரித்து வேலுமணி கேட்டதே இல்லை. மனசுக்குள் என்னவோ இளகியது. கொல்லிமலை ஞாபகம் வந்ததும் மறுபடி இறுகிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்து நாலும் இருபத்து நாலு விதம்! ஒன்றிலாவது மனப்பாட வாடை உண்டா? எப்படி ஐயா சொல்லிக் கொடுத்தீர்?"

"நா... நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலீங்க!"

"பேஷ்! அதுதான் ஐயா வேண்டும்!"

அங்கேயே உட்கார்ந்து ஒரு காகிதம் எழுதி, உறையில் போட்டு, வாத்தியார் கையில் கொடுத்து, முதுகில் தட்டிவிட்டு வண்டியேறினார். வேலுமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழந்தைவேலைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். வசந்தாமணியிடம் படித்துக் காட்ட வேண்டுமே என்று உறையைப் பிரித்தார்.

'இவரை உடனே கொல்லிமலைப் பள்ளிக்கு மாற்ற வேண்டியது.'

கண்ணில் ரத்தம் ஏறிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வண்டி வாய்க்காலைத் தாண்டிப் போயிருந்தது. பின்னால் நடந்துகொண்டிருந்த மாதையன்தான் அகப்பட்டான்.

"அக்கிரமமாயில்ல இருக்குது! உழுந்து உழுந்து சிரிச்சுப்போட்டு என்னை மலையில தள்றாரே, உருப்படுவாரா? நான் என்னய்யா குத்தம் பண்ணுனேன்?"

மாதையன் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டான். "குத்தமுங்களா? மலைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல நிக்கறதில்லீன்னு, சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் குடுக்கற வாத்தியாரா பாத்துத்தானுங்க ஐயா அங்க அனுப்பறாரு. மனப்பாட வாத்தியாருங்க எல்லாம் அவங்கவங்க ஊட்டுலயே சௌக்கியமா இருக்கறாங்க சாமி!"